ரஸ்ட் மொழிப் பாஸ்வேர்டாக்கி: எழுத்து, சொல், பொருள் (ஆராய்ச்சி முன்னுரையும் விரிவுரையும்)

பாயிரம்

ரஸ்ட் மொழியில் எழுதிய சிறுநூல் ஒன்று ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மொத்தம் இருபத்து நான்கு வரி. டெர்மினலில் அதன் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் 16 எழுத்தில் ஒரு பாஸ்வேர்டைத் துப்பிவிட்டு ஓய்ந்துவிடும். வேறு வேலை அதற்குக் கிடையாது. இத்துணைச் சிறிய நூலை எடுத்ததென்னை எனின், பெரிய நூலை எடுத்தால் முழுக்கப் படிக்க வேண்டிவரும் என்க.

சிறப்புப் பாயிரத்தில் எட்டும் கூறுவது மரபு. ஆக்கியோன் பெயர் கிட் லாகில் உண்டு. வழி: பாதி சொந்தம், பாதி எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது, ஆகவே வழிநூல். எல்லை லினக்ஸ், விண்டோஸில் ஓட்டிப் பார்த்தவர் இலர். நூற்பெயர் மும்முறை மாறியது. யாப்பு: 'கார்கோ எஃப்எம்டி' போட்டபின் வரிகள் நான்கு நான்கு ஸ்பேஸாக உள்வாங்கி நிற்கின்றன, அதற்குமுன் எப்படி நின்றன என்பது மூலபாட ஆய்வாளர் கவலை. நுதலிய பொருள் தலைப்பில் கண்டது. கேட்போர் கம்பைலர் ஒருவரே. அவரும் லேசில் ஒப்பவில்லை. பயன் பின்னர்க் கூறப்படும், இருந்தால்.

நூலின் காலம்

ரஸ்ட் என்பது மொசில்லாவில் இருந்த கிரேடன் ஹோர் 2006இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கிய மொழி. அதன் 1.0 பதிப்பு 2015 மே 15இல் வந்தது. எனவே நூல் அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. மற்ற எல்லையை அகச்சான்றால் அறிக. நூலுள் 'த்ரெட் ஆர்என்ஜி' என்னும் வழக்கு காணப்படுகிறது (நூல், வரி 9). தற்செயல் எண்ணுக்கு நூல் நம்பியிருக்கும் ராண்ட் கிரேட்டின் 2025இல் வந்த 0.9 பதிப்பு அதை வெறும் 'ஆர்என்ஜி' ஆக்கிவிட்டது. 'ஜென்' என்ற சொல்லை மொழியின் 2024 எடிஷன் தனக்கென ஒதுக்கிக்கொண்டதால் அந்தப் பெயரில் இருந்த செயலும் 'ராண்டம்' ஆயிற்று. நம் நூலில் பழைய 'ஜென்' அப்படியே நிற்கிறது. ஆகவே நூல் 2025க்கு முற்பட்டது.

பழைய லாக் ஃபைலை வைத்துக்கொண்டு நேற்றுக்கூட அப்படி எழுதலாமே எனின், அது மாணாக்கர் கேட்கும் கேள்வி.

நூலாசிரியரிடமே கேட்டிருக்கலாம், அடுத்த மேசையில்தான் இருக்கிறார். ஆயினும் உயிரோடிருப்பவரைக் கேட்டுக் காலம் கணிப்பது ஆய்வு நெறியாகாது. கேட்டால் சொல்லிவிடுவார், பிறகு நமக்கு என்ன வேலை?

எழுத்ததிகாரம்: நூன்மரபு

எழுத்து 94. ஆஸ்கி அட்டவணையில் 33ஆம் இடத்து ஆச்சரியக்குறி முதலாக 126ஆம் இடத்து டில்டே ஈறாக. 32ஆம் இடத்து வெற்றிடமும் எழுத்தாமோ எனின், ஆகாது. காப்பி செய்து ஒட்டும்போது ஓரத்தில் நின்ற வெற்றிடம் போன இடம் தெரியாது.

தமிழெழுத்து 247ஐயும் சேர்த்தால் கொள்ளையடிப்பவன் திணறுவானே என்று ஒரு மாணாக்கர் கேட்டார். நல்ல கேள்வி, கேட்டிருக்கக் கூடாது. 'கடவுச்சொல்' என்பதையே எடுத்து எண்ணுக. தமிழாசிரியர் ஆறெழுத்து என்பார். ரஸ்ட்டிடம் 'லென்' என்று கேட்டால் 30 என்னும். அது எண்ணுவது பைட்டை, யூடிஎஃப்-8இல் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'சார்ஸ்' போட்டு எண்ணினால் 10 என்னும். புள்ளியும் உகரமும் ஒகரமும் தனித்தனியே தலை காட்டுகின்றன. மூன்றும் சரி. 'குறைந்தது 8 எழுத்து' என்று நிபந்தனை போடும் பக்கத்தில் இதே சொல் ஒரு கணக்கில் தோற்கும், இரண்டு கணக்கில் தேறும். தொல்காப்பியர் வழியில் எண்ணினால் உள்ளே விடமாட்டார்கள் என்பது மட்டும் துணிபு.

எழுத்ததிகாரம்: பிறப்பியல்

உந்தியில் எழும் காற்று இங்கே உதவாது. எழுத்து பிறப்பது கெர்னலில். லினக்ஸில் 2014இல் வந்த 3.17 பதிப்பு முதல் 'கெட்ராண்டம்' என்றொரு அழைப்பு உண்டு. கேட்டால் தற்செயல் பைட்டுகளை அள்ளித் தரும். ரஸ்ட்டின் சொந்த நூலகத்தில் இதற்கு நிலையான வழி இல்லாமையின் ராண்ட் கிரேட்டை இறக்குகிறோம். அது தன் சுற்றத்தையும் கூட்டி வருகிறது. இருபத்து நான்கு வரி நூலுக்கு லாக் ஃபைல் அதைவிட நீளம். மூலத்தைவிட உரை பெருத்தல் நம் மரபிலும் உள்ளதே.

சும்மா கணக்குப் போட்டுத் தற்செயல் எண் எடுத்தால் என்ன? அப்படிச் செய்பவர் பாவத்தில் இருக்கிறார் என்ற கருத்தை வான் நியூமன் 1951இலேயே எழுதிவிட்டார். பாவத்துக்கு அஞ்சிய ராண்ட் கார்ப்பரேஷன் 1955இல் பத்து லட்சம் தற்செயல் இலக்கங்களைப் புத்தகமாகவே அச்சிட்டது. அதில் அச்சுப்பிழை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பது பதிப்புத்துறையில் இன்னும் தீராத வினா.

இனி வருவது விளையாட்டன்று. யூனிக்ஸ் பாஸ்வேர்டுகள் பற்றி ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில் நம் நூலின் மூதாதை ஒன்று வருகிறது. சிறிய எழுத்தும் எண்ணுமாக எட்டு இடங்களை நிரப்பிப் பயனருக்குத் தரும் ஆக்கி. எல்லாச் சேர்க்கையையும் போட்டுப் பார்க்க 112 ஆண்டு பிடிக்கும் என்று கணக்கு. ஆனால் அதன் தற்செயல் எண்ணுக்குத் தொடக்கப் புள்ளிகள் இரண்டின் பதினைந்தாம் அடுக்கு, அதாவது 32,768 மட்டுமே. எதிராளி அத்தனையையும் தானே உண்டாக்கிப் பார்த்தான். சுமார் ஒரு நிமிடத்தில் எல்லாப் பாஸ்வேர்டும் கையில்.

இதன்பின் 2006இல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல்லைத் திருத்தினர். ஒரு சோதனைக் கருவி முறையிடுகிறதே என்று இரண்டு வரியை எடுத்தனர். அவற்றுள் ஒன்றுதான் தற்செயலுக்கு உணவு ஊட்டிவந்தது. மிஞ்சியது ப்ராசஸ் எண் மட்டும். அதன் வழக்கமான உச்சவரம்பும் 32,768. 2008 மே மாதம் தெரியவரும்வரை உலகெங்கும் சாவி செய்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே எண்! இதைப் 'பதினைந்தாம் அடுக்கு மரபு' என்று பெயரிட்டு ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்க எண்ணியுள்ளோம். பன்னாட்டுக்கு மலேசியாவிலிருந்து ஜூமில் ஒருவர் எட்டிப் பார்த்தால் போதும். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்கள் பதிவுக் கட்டணத்தை மட்டும் அனுப்பலாம். கட்டுரையோடு ஐஎஸ்பிஎன் எண்ணும் உண்டு.

எழுத்ததிகாரம்: புணரியல்

இதுவே நூலின் உயிர்நிலை. கெர்னல் தரும் பைட் நிலைமொழி. நாம் வேண்டும் எழுத்து வருமொழி. இரண்டும் புணருமாறு என்னை?

முதற்படியில் நூலாசிரியர் பைட்டை 94ஆல் வகுத்து மீதியை எடுத்தார் (நூல், வரி 11). பைட்டுக்கு மதிப்பு 0 முதல் 255 வரை, மொத்தம் 256. அதில் 94 இருமுறை அடங்கி 68 மிஞ்சும். ஆகவே ஆச்சரியக்குறி முதல் சிறிய 'டி' வரை உள்ள 68 எழுத்துகளுக்கும் மூன்று மூன்று வாய்ப்பு. சிறிய 'ஈ' முதல் டில்டே வரை உள்ள 26 எழுத்துகளுக்கு இரண்டே. பந்தியில் முந்தியவருக்கு மூன்று வடை, கடைசி வரிசைக்கு இரண்டு. ஆங்கிலத்தில் அதிகம் உழைக்கும் 'ஈ' கடைசி வரிசையின் முதல் இலையில் உட்கார்ந்திருப்பதைக் காண்க.

இதைக் கோட் ரிவ்யூவில் முதல் உரைகாரர் கண்டுபிடித்து, 'சாய்வு உளது' என்று ஒரு வரி எழுதினார் (வரி 11, முதல் கருத்துரை). இரண்டாம் உரைகாரர், 'சாய்வு உளது எனினும் சேதம் இன்று' என்றார் (அதே வரி, இரண்டாம் கருத்துரை, கட்டைவிரல் குறி ஒன்றுடன்). முதல்வர், 'சேதம் இன்று என்பது யாண்டுப் பெற்றாம்?' என்று வினவி, நள்ளிரவில் ஒரு அட்டவணையை ஒட்டினார் (அதே வரி, ஏழாம் கருத்துரை, பின்னர் அழிக்கப்பட்டது, மின்னஞ்சல் அறிவிப்பில் மட்டும் எஞ்சியுள்ள அரைகுறைப் பாடம்). இரண்டாமவர் மறுமொழி எழுதவில்லை, வாயால் கூறினார் (செவிவழிச் செய்தி: லிஃப்டில், நான்காம் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் இடையே, டீக்குப் போகும்போது, இரண்டாமவர் சொன்னதாக மூன்றாமவர் கூறியதை முதலாமவர் மறுத்ததாகச் செக்யூரிட்டி அண்ணன் நினைவுகூர்ந்தது, அன்றைய லெட்ஜரில் கையெழுத்துக்கு மேல் பென்சிலால் குறிக்கப்பட்டு, அடுத்த நாள் ரப்பரால் அழிக்கப்பட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்றும் தெரிவது).

சேதத்தை நாமே கணக்கிட்டுவிடுவோம். 94 எழுத்தும் சமமாக வந்தால் எழுத்துக்கு 6.55 பிட், 16 எழுத்துக்கு ஏறத்தாழ 104.9 பிட். சாய்வோடு வந்தால் 104.5. ஆக, இரு பெரும் உரைகாரர் பேச்சை நிறுத்திக்கொண்டதும், டீம் மதிய உணவு இரண்டு மேசையாகப் பிரிந்ததும் மூன்றில் ஒரு பிட்டுக்காக.

தீர்வு எளிது. 188ஐயும் அதற்கு மேலும் வந்த பைட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று கேட்க வேண்டியதுதான். அதுவும் வேண்டாம்; ராண்ட் கிரேட்டிடம் 'இத்தனைக்குள் ஒன்று தா' என்று வரம்பு சொல்லிக் கேட்டால் சாய்வில்லாமல் தரும் வேலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. இது இரு தரப்புக்கும் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் கட்டுரை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்பதும் தெரியும்.

சொல்லதிகாரம்

எழுத்தை விட்டுச் சொல்லைக் கோக்கும் பள்ளி ஒன்று உண்டு. 1995இல் ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் வகுத்த டைஸ்வேர் முறையில் பகடையை ஐந்து தரம் உருட்டி 7,776 சொற்களில் ஒன்றை எடுப்பர். மேற்கொண்டு எழுதினால் எதிர்ப்பள்ளிக்கு மேற்கோள் எண்ணிக்கை கூடும். நிற்க.

பொருளதிகாரம்

பொருள் இருந்தால் அது பாஸ்வேர்டு அன்று. பாண்டியன் பொருளதிகாரம் வல்லாரைத் தேடி வருந்தியதுபோல் நாம் வருந்த வேண்டுவதில்லை.

ஆயினும் பாயிரத்தில் விட்ட பயனைக் கூறக் கடமைப்பட்டோம். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், குறி வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்ற ஆசாரங்கள் பெரிதும் 2003இல் அமெரிக்கத் தர நிறுவனமான என்ஐஎஸ்டிக்குப் பில் பர் எழுதிய அறிவுரையிலிருந்து பரவியவை. 2017இல் அந்த நிறுவனமே அவற்றைக் கைவிடச் சொன்னது. எழுதியவரும் வருந்துவதாகச் சொல்லிவிட்டார். மூல ஆசிரியர் திரும்பப் பெற்றுக்கொண்ட நூற்பாவை விடாமல் மனப்பாடம் செய்விக்கும் கல்விக்கூடங்கள் நமக்குப் புதியவை அல்ல. இணையதளங்களும் அவ்வழியே நிற்கின்றன.

அப்படி ஒரு தளத்தில் நூலாசிரியர் தம் ஆக்கியை முதன்முதலில் பயன்படுத்தினார். அந்தப் பக்கம் பேஸ்ட் செய்ய விடாது. டெர்மினலில் வந்த 16 எழுத்தையும் மஞ்சள் தாளில் எழுதி, மானிட்டரின் கீழ்விளிம்பில் ஒட்டி, பார்த்துப் பார்த்துத் தட்டினார். கையெழுத்துப் பிரதி தோன்றியதும் பாடபேதமும் தோன்றிற்று. ஐந்தாம் எழுத்து ஒன்றா, சிறிய 'எல்'லா, பெரிய 'ஐ'யா? ஒன்பதாவது சுழியமா, 'ஓ'வா? இவ்வைந்தையும் ஆக்கியிலிருந்தே விலக்கிவிட ஒரே வரி போதும். விலக்கியிருந்தால் எழுத்துக்கு 0.08 பிட் போகும், மூலபாடத் திறனாய்வு என்ற துறையே போகும்.

பதிவு நடந்தது. மறுநாள் லாகின் நடக்கவில்லை. பதிவுப் பக்கத்தின் கட்டம் 12 எழுத்தோடு வாயை மூடிக்கொள்ளும், ஆனால் சொல்லாது. லாகின் பக்கத்தின் கட்டம் 16ஐயும் வாங்கிக்கொள்ளும். கடைசி நான்கு எழுத்து காணோம்.

மறைந்த இந்நான்கெழுத்து குறித்து இருவகைக் கருத்து நிலவுகிறது. கடல்கோளில் போயின என்பார் ஒரு சாரார். இவர்கள் மூன்று தொகுதி வெளியிட்டிருக்கிறார்கள், நான்காவதற்கு நல்கை கேட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்கு 'அதிகபட்சம் 12' என்று எவனோ எழுதிவைத்திருக்கிறான், ரைட் கிளிக் பண்ணிப் பார்த்தால் தெரியும் என்பார் மற்றொரு சாரார். இவர்களுக்கு இன்னும் நெறியாளர் அமையவில்லை.