தீப்பெட்டிக்குள் லத்தீன்

நூம்பல் ஏரிக்கரையில் நாங்கள் டவுசர் பையன்களாகத் திரிந்த காலத்தில் எங்களுக்கென்று தனி கரன்சி இருந்தது: பொன்வண்டு. ஒரு பச்சைக்கு இரண்டு பிரவுன் என்பது எக்ஸ்சேஞ்ச் ரேட். தீப்பெட்டிக்குள் கருவேல இலையைக் கிள்ளிப் போட்டு, வண்டை உள்ளே குடிவைத்து, டீச்சர் போர்டு பக்கம் திரும்பும்போதெல்லாம் 'முட்டை போட்டுச்சாடா?' என்று திறந்து பார்ப்போம். பெரும்பாலும் டீச்சர்தான் எங்களுக்கு முட்டை போட்டார்.

பச்சையும் பிரவுனும் ஒரே வண்டின் இரண்டு கலர் இல்லை, வேறு வேறு இனம் என்பது எங்களுக்கு அப்போதே தெரியும். பச்சைக்கு முதுகெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழிகுழியாக இருக்கும். பிரவுனுக்குக் கழுத்துப் பக்கம் மட்டும் பச்சை. இறக்கை மூடி, வார்னிஷ் அடித்த தேக்குக் கதவு. ஏழு வயசில் இவ்வளவு பிரித்துச் சொன்ன எங்களை எந்தப் பல்கலைக்கழகமும் கூப்பிட்டு டாக்டர் பட்டம் தரவில்லை. காரணம், நாங்கள் லத்தீனில் சொல்லவில்லை!

சொன்னவர்கள் இரண்டு பேர். பச்சையை 1758-ல் பதிவு செய்தவர் ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ். வண்டை மல்லாக்கப் போட்டால், கால்களுக்கு நடுவில் முன்பக்கமாக ஒரு முள் துருத்திக்கொண்டிருக்கும். அதற்காக 'மார்க்கொம்பன்' என்று அர்த்தம் வருகிற மாதிரி ஸ்டெர்னிகார்னிஸ் என்றார். பிரவுனைப் பிடித்தவர் அவருடைய சிஷ்யர், டென்மார்க்கின் ஜோஹன் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ். 1775-ல் அதற்கு 'கிரிசிஸ்' என்று நாமகரணம் செய்தார். பொன்னைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர். ஆக, ஐரோப்பாவின் மாபெரும் மூளை யோசித்து யோசித்துக் கடைசியில் வந்து நின்ற இடம்... பொன்வண்டு!

ஃபாப்ரிசியஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. லின்னேயஸ் பெயர் வைத்த பூச்சிகள் சுமார் 3,000. சிஷ்யரின் ஸ்கோர் 9,776. இத்தனைக்கும் மனிதர் இந்தியப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கீல் நகரத்தில் பேராசிரியர் உத்தியோகம். லீவு விட்டால் லண்டனுக்கு ஓடி, ஜோசப் பேங்க்ஸ் என்ற பணக்காரரின் பெட்டிகளைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். ஆன்லைனில் பார்த்தே கல்யாணத்தை முடிக்கிற மாதிரி, ஊசி குத்திய வண்டைப் பார்த்தே ஒன்றரை வரி லத்தீனில் ஜாதகம் எழுதி முடித்துவிடுவார்.

ஒன்பதாயிரத்துச் சொச்சம் பெயருக்குக் கற்பனை எங்கே போவது? நம் பக்கத்து முள்காடுகளில் ஒரு கறுப்பு வண்டு உண்டு. கழுத்தில் இரண்டு, முதுகில் நான்கு என்று வெள்ளைப் புள்ளிகள். தொட்டால் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சியடிக்கும் ரௌடி. அதற்கு அவர் வைத்த பெயர் 'செக்ஸ்குட்டாட்டா'. பதறாதீர்கள், லத்தீனில் செக்ஸ் என்றால் ஆறு. ஆறு புள்ளி, அவ்வளவுதான். நம் நகர்களில் தெருவுக்குப் பெயர் கிடைக்காமல் 'ஆறாவது குறுக்குத் தெரு' என்று போர்டு வைப்போமே, அதே டெக்னிக்!

ஆனால் ஃபாப்ரிசியஸ் பெருமைப்பட்டுக்கொண்டது இந்தப் பெயர்களுக்காக இல்லை. பூச்சியை இறக்கையை வைத்தா பிரிப்பது, வாயை வைத்துப் பிரிக்க வேண்டும் என்று குருவையே மடக்கினார். பல் டாக்டர் மாதிரி ஒவ்வொரு பூச்சியின் வாய்க்குள்ளும் லென்ஸை நீட்டினார். வண்டுகளின் மொத்தக் கூட்டத்துக்கும் இருந்த 'கோலியாப்டெரா' என்ற பெயரைத் தூக்கிவிட்டு 'எலூதெராட்டா' என்று மாற்றினார். உலகம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இன்று வரை கோலியாப்டெரா என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. மவுண்ட் ரோடை அண்ணா சாலை ஆக்கிய கதைதான்.

இதில் கூத்து என்னவென்றால், அவர் வாயைப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் நேர் எதிர் முனைக்குப் போய்விட்டார்கள். சாணி தின்னும் வண்டுக் கூட்டத்தில் ஒந்தோபேகஸ் என்று ஒரு பேரினம். அதில் மட்டும் 2,000 இனங்களுக்கு மேல். பல இனங்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எப்படிப் பிரிப்பது? ஆண் வண்டை வெந்நீரில் ஊறவைத்து, அதன் பிறப்புறுப்பை மட்டும் ஊசியால் உருவி, சுத்தம் செய்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் வரைகிறார்கள். இது இப்படி வளைந்திருக்கிறது, பங்காளிக்கு அப்படி வளைந்திருக்கிறது என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினால் புது இனம் ரெடி. மற்ற விஷயத்தில் மனிதருக்கு மானம் முக்கியம். வண்டு விஷயத்தில் அதைப் பார்க்காவிட்டால் கட்டுரையே அச்சாகாது.

பங்காளியைச் சரியாகப் பார்க்காமல் பத்திரம் எழுதினால் என்ன ஆகும்? லண்டனில் ஃபிரான்சிஸ் வாக்கர் என்று ஒருவர். 1858, 59 வாக்கில் அங்கே உட்கார்ந்தபடியே இலங்கை வண்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்துத் தள்ளினார். வண்டு மட்டுமா, கையில் கிடைத்த பூச்சிக்கெல்லாம். ஏற்கெனவே பெயர் வாங்கிய பூச்சிக்கே மறுபடி பெயர் வைப்பார். 1874-ல் அவர் போய்ச் சேர்ந்தபோது ஒரு பூச்சிப் பத்திரிகை அஞ்சலி எழுதியது. சாரம் இதுதான்: இருபது வருஷம் முன்னாடியே போயிருந்தால் மனிதர் பேராவது மிஞ்சியிருக்கும்!

சரி, ஃபாப்ரிசியஸ் திறந்து பார்த்த பெட்டிகளில் வண்டை நிரப்பியது யார்? அங்கேதான் நம் தரங்கம்பாடி வருகிறது. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களின் ஊர். அங்கிருந்து ஃபாப்ரிசியஸுக்குப் பூச்சி சப்ளை செய்த லெப்டினன்ட் டால்டார்ஃப், 1791-ல் பனைமரத்தில் ஒரு மீன் ஏறுவதைக் கண்டதாக எழுதி, ஐரோப்பாவில் பெரிய ரகளை ஆகிவிட்டது. நம் ஆட்கள் அந்த மீனைக் கூப்பிட்ட பெயரே 'பனையேறி'. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பாவப்பட்ட ஜீவன் இன்னொருவர்: டாக்டர் ஜோஹன் கெர்ஹார்டு கோனிக். இவரும் லின்னேயஸ் சிஷ்யர்தான். 1768-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்தவர், வெயிலில் வெந்து செடி, பூச்சி எல்லாம் சேகரித்து அனுப்பினார். மிஷன் சம்பளம் கட்டுப்படியாகாமல் 1774-ல் ஆற்காடு நவாபிடம் வேலைக்குச் சேர்ந்தார். நவாப் முகமது அலியின் கடன், பிரிட்டிஷ் பார்லிமென்டில் விவாதிக்கப்பட்ட கடன். சம்பளத்துக்கு மனிதர் தேடிப்போன இடத்தைப் பாருங்கள்!

1785-ல் காக்கிநாடா பக்கம் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனார். எழுதிய குறிப்புகளையும் பேங்க்ஸுக்கே எழுதிவைத்துவிட்டார். ஆனால் குருநாதர் நன்றி மறக்கவில்லை. சிஷ்யன் சாவதற்கு முன்பே அவர் பெயரை ஒரு செடிக்கு வைத்திருந்தார். எந்தச் செடி? கறிவேப்பிலை! லத்தீனில் அதன் பெயர் 'கோனிகி' என்றுதான் முடியும். காரியம் முடிந்ததும் ஓரமாக ஒதுக்கப்படுகிற ஆளை நம் ஊரில் என்னவென்று சொல்வோம் என்று லின்னேயஸுக்கு யார் போய்ச் சொன்னார்களோ!

ஃபாப்ரிசியஸும் தன் பங்குக்கு 1775-ல் ஒரு பூச்சிக்கு கோனிக் பெயரை வைத்தார். வண்டுகூட இல்லை, பருத்தியை நாசம் செய்கிற சிவப்பு நாவாய்ப்பூச்சி. போன வாரம் எங்கள் நூம்பல் வீட்டு மொட்டைமாடியில், தொட்டி வெண்டைச் செடியில் நான்கைந்து ஜோடி, பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருந்தன. சும்மா இருக்க முடியுமா? தரங்கம்பாடியில் தொடங்கி நவாப் வரை மனைவிக்கு விளக்கி, "இது யார் தெரியுமா? அந்த டாக்டர்!" என்று முடித்தேன்.

வேப்பெண்ணெய் ஸ்பிரேயரைக் குலுக்கிக்கொண்டே கேட்டவள், "சரி, தள்ளுங்க. டாக்டருக்கு மருந்து அடிக்கணும்" என்றாள்.