மணமோதிரக் கல்லும் பத்தாவது கிரகமும்

நிச்சயதார்த்த மோதிரத்தில் என்ன நிறக் கல் பதிப்பது என்பதை இதுவரை மூன்று துறை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜோசியர் கட்டத்தைப் பார்க்கிறார், மாப்பிள்ளை பட்ஜெட்டைப் பார்க்கிறார், பெண்ணின் அத்தை பட்டுப்புடவையின் பார்டரைப் பார்க்கிறார். கல்லின் ஆயுளை உண்மையில் ஆளும் பத்தாவது கிரகத்தை மூவருமே விட்டுவிட்டார்கள். அது புழுதி.

1812-இல் பிரீட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர், எது எதைக் கீறுகிறது என்று பார்த்துக் கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். தெருப்புழுதியிலும் ஆற்றுமணலிலும் மண்டிக் கிடக்கும் குவார்ட்ஸ் அந்த வரிசையில் 7. அதற்குக் கீழே நிற்கும் எந்தக் கல்லும் மேசை துடைக்கும்போதும் பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போதும் கீறுபட்டு மங்கிக்கொண்டே போகும். இனி நவரத்தினங்களுக்கு வருவோம். வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. சூரியனின் கல்லும் சனியின் கல்லும் ஒன்றுக்கொன்று பகை என்பார்கள். ஆனால் இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான். குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். சனி சூரியனின் பிள்ளை என்று புராணம் சொல்வதை வேதியியல் இந்த ஓரிடத்தில் ஆட்சேபிக்க வழியில்லை. புஷ்பராகமும் அசல் வைடூரியமும் 8-க்குக் குறையாது. கோமேதகம் 7-ஐ ஒட்டித் தத்தளிக்கும். மரகதம் எண்ணில் தேறிவிடும். ஆனால் பெரும்பாலான மரகதங்களின் நுண்வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றியிருப்பதால், வெந்நீரும் சோப்பும் அதன் பூர்வீகத்தை வெளியே கொண்டுவந்துவிடும். முத்தும் பவளமும் 5-ஐத் தொடுவதேயில்லை. போதாக்குறைக்கு இரண்டும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சையும் புளியும் அவற்றை அரிக்கும். செவ்வாயைச் சாந்தப்படுத்தப் பவளம் அணிந்த கை ரசத்துக்குப் புளி கரைத்தால், செவ்வாய்க்கு முன்னால் பவளம் அடங்கிவிடும்.

கல்லின் பலன் புழுதிக்குக் கட்டுப்பட்டதல்ல என்று ஜோசியத் தரப்பு மறுக்கலாம். அவர்கள் முறைப்படியே பார்ப்போம். ராசிக்கல் விரலைத் தொட வேண்டும் என்று மோதிரத்தின் அடிப்புறத்தைத் திறந்தே கட்டச் சொல்கிறார்கள். அந்த வழியாகக் கிரகத்தின் கதிர் வருமா என்பது விவாதத்துக்குரியது. இட்லி மாவு வரும் என்பதில் விவாதமே இல்லை. கடினமான கல் இல்லறத்தையும் உறுதியாக்குமா என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்து உதாரணம் போதும். 1981-இல் டயானாவின் விரலேறிய இலங்கை நீலக்கல்லுக்கு 12 காரட். அந்த மணம் 1996-இல் முறிந்தது; கல் 2010-இல் அரண்மனைக்கு வரவிருந்த மருமகளின் விரலுக்குப் போனது. புழுதிக் கோட்பாடு கல்லுக்கு மட்டுமே பொறுப்பேற்கும். செயற்கை மாணிக்கமும் 9-தானே என்று இடைமறிப்போர் உண்டு. ஆம், பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னொய் 1902-இல் அறிவித்த முறையில் உலையில் விளைந்த கல்லும் அதே குருந்தம்தான். புழுதி ரசீது கேட்பதில்லை, அத்தை கேட்பார்.

எஞ்சியிருப்பது ஓர் ஆட்சேபம், அதுதான் வலுவானது. நம் வீடுகளில் கல்யாண மோதிரம் மறுவாரமே வங்கி லாக்கருக்குப் போய்விடுகிறது, அங்கே புழுதி ஏது? நியாயம். லாக்கர் வாசத்துக்கு எந்தக் கல்லும் தகும், பவளம் உட்பட. முத்துக்கு மட்டும் விலக்கு: வறண்ட காற்றில் நெடுநாள் பூட்டிவைத்தால் அது ஈரமிழந்து வெடிக்கக்கூடும். ஆகவே முத்து மோதிரக்காரர்கள் உறவினர் வீட்டு வளைகாப்புகளை ஒன்றுவிடாமல் பார்த்துவருவது நல்லது.