மொட்டைமாடியில் காற்றாலை

கேள்வி: கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் தொடர்மாடி. மொட்டைமாடியில் சின்னக் காற்றாலை ஒன்று பூட்டினால் கரண்ட் பில் குறையுமா?
*– வாசகி, வெள்ளவத்தை*

பதில்: பில் குறையாது, மேல்மாடிக்காரரின் தூக்கம்தான் குறையும். சுழலும் இறக்கையின் அதிர்வு கொங்கிறீற் வழியே வீட்டுக்குள் இறங்கிவிடும்.

மாடியில் காயப்போட்ட உடுப்பைப் பாருங்கள். ஒரே திசையில் நீட்டிப் பறந்தால் அது காற்றாலைக்கான காற்று. முறுக்கிக்கொண்டு நாலாபக்கமும் அடித்தால், பக்கத்துக் கட்டடங்கள் உடைத்து அனுப்பிய காற்று. வெள்ளவத்தையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். வேகம் பாதியானால் காற்றிலிருந்து கிடைக்கும் மின்சாரம் பாதியல்ல, எட்டில் ஒன்றாகிவிடும்!

தடையில்லாத காற்று மன்னாரில் இருக்கிறது. அதனால்தான் 2020 டிசெம்பரில் திறந்த 'தம்பபவனி'யை அங்கே அமைத்தார்கள்: 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட்.

உங்கள் மாடிக்குக் கிடைத்த வரம் வெயில். அந்தக் காசில் சோலர் போடுங்கள். மொட்டைமாடி எல்லாருக்கும் பொது என்பதால், ஆணி அடிக்க முன்னரே மற்ற வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.