சிரட்டை பாடும் பேராண்டி, நீ உட்காருவியா?

ஏலே பேராண்டி,

டப்பாவையும் கம்பியையும் வச்சு நீ கிடார் செய்யப் போறதா உங்க ஆச்சி சொன்னா. நல்ல காரியம். தவணையில வாங்கின கிடார் சுவத்துல தொங்குது. பல்லி குடும்பம் நடத்த இந்தத் தெருவுலயே அதைவிட வாகான இடம் கிடையாது. இப்ப அடுத்த பல்லிக்கும் ஒரு வீடு கட்டப் போற. தர்மம் தலைகாக்கும், செய்யி. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சொன்னா அதுக்காகவே செஞ்சு முடிச்சிருவ. எப்படிச் செய்யணும்னு சொல்லித் தாரேன். முழுசாக் கேட்டா நீயே விட்டாலும் விட்டுருவ.

முதல்ல பொருள். பழைய பொருள்லதான் செய்வேன்னு சபதம் போட்டுட்டு, கடையில புதுசா ஒரு பிஸ்கட் டப்பா வாங்கி, உள்ள இருந்ததைப் பூராவும் தின்னுபோட்டு, காலி டப்பாவைப் பழசுன்னு போட்டோ எடுத்துப் போட்ட பாரு, அந்த மூளை எங்க காலத்துல ஒருத்தனுக்கும் கிடையாது. அமெரிக்காவுல சுருட்டு வந்த மரப்பெட்டியில பிடில் செஞ்சான், கிடார் செஞ்சான். 1860-களில் அங்க உள்நாட்டுச் சண்டை நடந்தப்பவே பட்டாளத்துக்காரன் பாசறையில சுருட்டுப் பெட்டி பிடில் வாசிச்சிருக்கான். எட்வின் போர்ப்ஸ்ங்கற ஓவியரு அதை 1876-ல படமாப் போட்டு வச்சிருக்காரு. அவன் சுருட்டைக் குடிச்சது சுருட்டுக்காக. பெட்டிக்காக ஒருத்தனும் குடிக்கல.

மிசிசிப்பிப் பக்கம் பருத்திக் காட்டுல பாடுபட்ட கறுப்பு சனங்களோட பிள்ளைகளுக்குச் சுருட்டுப் பெட்டியும் வாய்க்கல. வாரியலைக் கட்டியிருந்த கம்பியை உருவினாங்க. வீட்டுச் சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சு அதை இழுத்துக் கட்டினாங்க. கம்பிக்கு அடியில ஒரு குப்பியைச் செருகினா விறைச்சுக்கும். இன்னொரு குப்பியைக் கம்பி மேல வழுக்கிக்கிட்டே சுண்டினா பாட்டு வரும். டிட்லி போன்னு அதுக்குப் பேரு. சுவரே அதுக்குக் கூடு. ப்ளூஸ் வாசிச்சுப் பேரெடுத்த பலபேரு கை பழகினது அதுலதான். நீயும் செய்யலாம். வாரியலைப் பிரிக்கறதுக்கு முன்னாடி உங்க ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ. பிரிச்ச பொறவு கேட்டா முதல் தாளம் உன் முதுகுல விழும்.

இதெல்லாம் கடல் தாண்டின வித்தைன்னு நினைச்சுக்கிடாதே. பெரும்பாணாற்றுப்படையில கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு இடையனைக் காட்டுதாரு. தீக்கொள்ளியால துளை போட்டு அவனே குழல் செஞ்சுக்கிடுதான். குழல் சலிச்சதும் உள்ள துளையுள்ள குமிழங் கொம்பை வளைச்சு, மரல் நாரைத் திரிச்சு நரம்பாக் கட்டி, வில்யாழ் வாசிக்கான். வண்டுக அதைக் கேட்டுத் தங்க இனத்துச் சத்தம்னு காது கொடுக்குதாம். அவன் மாடு மேய்ச்சுக்கிட்டே இம்புட்டும் செஞ்சான்லே. நீ ஒண்ணையும் மேய்க்காம வீட்டுல இருக்க. உனக்கு இன்னும் நல்லா வரணும். வண்டு வராட்டாலும் கொசுவாவது வரும்.

பொருள் அம்புட்டாச்சுன்னா அடுத்தது கூடு. வெறுங்கம்பியை ரெண்டு ஆணிக்கு நடுவுல இழுத்துக் கட்டிச் சுண்டிப் பாரு, உன் காதுக்கே சரியா எட்டாது. மெல்லிசுக் கம்பி காத்தைத் தள்ளாது. காத்தைத் தள்ள அகலமான மெல்லிசுப் பரப்பு வேணும். கம்பியோட அதிர்வைக் குதிரை வாங்கும், குதிரை மேல்மூடிக்குக் கொடுக்கும், மூடி ஆடினா காத்து ஆடும். குதிரைன்னதும் செஸ் கட்டத்துல தேடாதே. வீணையிலயும் பிடில்லயும் கம்பியைத் தாங்கி நிக்குத சின்னக் கட்டைக்குத்தான் அந்தப் பேரு.

நம்ம கோயில் கொடையில வில்லுப்பாட்டு நடக்கையில நீ முன்வரிசையில உக்காந்து போனை நோண்டிக்கிட்டு இருந்த. வில்லை வெறுந்தரையில வைக்காம குடத்துக் கழுத்துல ஏன் சாத்தி வச்சிருக்காகன்னு ஒரு தடவையாவது கேட்டியா? வீசுகோலால நாணை அடிச்சா மணி குலுங்கும். மண்குடம் அந்த அடியை வாங்கிக் கும்முன்னு பேசும். குடத்தை எடுத்துட்டு அடிச்சா வில்லுக்குப் பாதி உசிரு போயிரும். அந்த வில்லையும் குடத்தையும் வச்சுக்கிட்டுத்தான் சுப்பு ஆறுமுகம் ஐயா ஊரூராப் போய்க் கதை சொன்னாரு, 2021-ல பத்மஸ்ரீயும் வாங்கினாரு. குயவர் சுட்ட குடத்தையும் மாட்டுத்தோல் நாணையும் ஏளனம் பண்ணினா நாக்கு அழுகிரும்.

மேல்மூடிதான் முக்கியம்னு சொன்னேன்லா, அதுக்குச் சாட்சி ஸ்பெயின்ல இருக்கு. இன்னைக்கு உலகம் பூரா வாசிக்குத கிடாரோட உருவத்துக்கு வழி போட்ட அன்டோனியோ டி டோரஸ், 1862-ல ஒரு கிடாரோட முதுகையும் விலாவையும் காகித அட்டையிலயே செஞ்சாரு. மேல்பலகையை மட்டும் நல்ல மரத்துல இழைச்சுப் போட்டாரு. வாத்தியத்தைப் பேச வைக்கது மேல்பலகைதான்னு அவருக்குத் தெரியும், அதை ஊருக்குக் காட்டினாரு. பார்சிலோனா இசை அருங்காட்சியகத்துல இப்பவும் அது இருக்கு. அதனால கூரியர்ல வந்த அட்டைப்பெட்டியை எல்லாம் கட்டிலுக்கு அடியில சேத்து வச்சிருக்கியே, ஒண்ணும் வீண் போகாது. ஆனா டோரஸ் அட்டையில சிக்கனம் பண்ணினாரு, மேல்பலகையில பண்ணல. அந்தப் பாதியைத்தான் நீ வசதியா மறந்துருவ. மெல்லிசா இழைச்ச பலகை நின்னு பேசும். தகரமூடி சுள்ளுன்னு கத்திட்டுச் சட்டுன்னு அடங்கிரும். உன் சுபாவத்துக்குத் தகரமே பொருத்தம்.

டப்பா ஓரத்துல ஒரு கம்பை வச்சு ஆணி அடிச்சு, இதுதான் கழுத்துன்னு சொல்லிராதே. இரும்புக் கம்பி போட்ட ஆறு நரம்பு கிடார்ல மொத்த இழுவை 70 கிலோவை ஒட்டி வரும். ஒரு நெல்மூட்டை ராப்பகலா அந்தக் கழுத்துல தொங்குதுன்னு வச்சுக்கோ. பிஸ்கட் டப்பா வாயைப் பிளந்துரும். சுருட்டுப் பெட்டிக்காரன் இதைத் தெரிஞ்சுதான் கம்பைப் பெட்டிக்கு ஊடால விட்டு மறுபக்கம் வெளிய எடுத்தான். கம்பியோட ரெண்டு முனையும் கம்புலயே நிக்கும். பெட்டி பாரம் சுமக்காது, பேச மட்டும் செய்யும். ராஜஸ்தான்ல பாபுஜிங்கற நாட்டுப்புற வீரன் கதையைப் பாடுத போப்பாங்கற பாட்டுக்காரக கையில இருக்குத ராவணகத்தா வாத்தியத்துக்கும் இதே கணக்குதான்: சிரட்டைக்கு ஆட்டுத்தோல் போர்த்தி, மூங்கிலை அதுக்குள்ள ஊடுருவ விட்டுருக்கும். பாரம் சுமக்கது கம்பு, பேரு வாங்குதது சிரட்டை. வீட்டுல இந்த நியாயம் எப்படி நடக்குன்னு உங்கப்பன்கிட்ட கேட்டுப் பாரு, விளக்கமாச் சொல்லுவான்.

நரம்புக்கு வா. ரப்பர் வளையத்தை மாட்டாதே. இழுக்க இழுக்க நீளுமே தவிர சுதி பெரிசா ஏறாது. கம்பியை முறுக்கி முறுக்கி ஏத்துவேன்னும் அடம் பிடிக்காதே. ஒரு ஸ்தாயி மேல போகணும்னா இழுவை ரெண்டு மடங்கு பத்தாது, நாலு மடங்கு வேணும். அதுக்குள்ள கம்பு வளையும், இல்லேன்னா கம்பி அறுந்து உன் கன்னத்தைப் பாக்கும். தூண்டில் நரம்பைப் போடு. சிரிக்காதே. முன்னாடி கிடாருக்குக் குடல்ல திரிச்ச நரம்புதான். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அந்த நரம்பு காயம் தைக்கப் போயிட்டதால, நியூயார்க்ல கிடார் செஞ்ச ஆல்பர்ட் அகஸ்டின் நைலானுக்கு மாறினாரு. ஆந்த்ரே செகோவியாங்கற மகாவித்துவானே அதை வாங்கிப் போட்டு வாசிச்சாரு. குளத்துல வீசுதேன்னு நீ வாங்கின தூண்டில்ல இதுவரைக்கும் ஒரு கெண்டைக் குஞ்சும் மாட்டல. ஒரு சுரமாவது மாட்டட்டும்.

இனி வாறதுதான் வினை: அளவு. எந்தக் குப்பையையும் எடுத்துக்கோ, ஸ்கேலை மட்டும் குப்பையில போட்டுராதே. குதிரைக்கும் மேல்முனைக்கும் நடுவுல 60 சென்டிமீட்டர் இருக்குன்னு வை. முழுக்கம்பி ஸ. சரிபாதியில அமுக்கி 30 மிஞ்சினா மேல் ஸ. 40 மிஞ்சினா ப. 45 மிஞ்சினா ம. 48 மிஞ்சினா க. சிரட்டையோ சந்தனமோ, இந்தக் கணக்கு ஒருத்தனுக்கும் சலுகை காட்டாது. கிடார் கழுத்துல குறுக்கால பதிச்சிருக்குத மெட்டே வேணும்னா, நீளத்தை 17.817-ஆல வகு; மேல்முனையில இருந்து வாற அளவுல முதல் மெட்டு. மிச்ச நீளத்தைத் திரும்ப அதே எண்ணால வகுத்து அடுத்தது. 60-க்கு முதல் மெட்டு 3.37 சென்டிமீட்டர்ல விழும். இப்படியே போய்ப் பன்னெண்டாவது மெட்டு சரிபாதியில வந்து நின்னா நீ தேறிட்ட. வேற எங்கயாவது போய் நின்னா, இது சோதனை முயற்சி இசைன்னு சொல்லிருவ. அதுல உன்னை அடிச்சுக்க ஆள் இல்ல.

கணக்குன்னதும் முகம் சுண்டிப் போச்சே. தஞ்சாவூர் வீணையில 24 மெட்டையும் மெழுகுல பதிச்சுச் சுரத்துக்குச் சுரம் நிறுத்துதாக, மேளம் கட்டுறதும்பாக. பழுத்த காது இல்லாதவன் அதுல கை வைக்க முடியாது. உனக்குன்னே ஒரு குறுக்குவழி இருக்கு: மெட்டே வைக்காதே. கோட்டுவாத்தியத்துல மெட்டு கிடையாது. கருங்காலிக் கட்டையைக் கம்பி மேல வழுக்கியே வாசிக்காக. மிசிசிப்பிப் பையன் குப்பியை வழுக்கினதும் அதே வித்தைதான். செய்யறதுக்கு இதைவிடச் சுளுவான வாத்தியம் இல்ல. வாசிக்கறதுக்கு இதைவிடப் பாடுபடுத்துததும் இல்ல. விரல் ஒரு நூல் விலகினாலும் மானம் போயிரும். குறுக்குவழி எல்லாம் அப்படித்தான், முன்னாடி சிரிக்கும்.

போன வாரம் நீ குவீன் குழுவுல கிடார் வாசிக்குத பிரையன் மே வீடியோவைப் பாத்துட்டு, அவரு கதையைச் சொல்லிச் சொல்லி நம்ம வீட்டு நிலைப்படியைத் தடவிப் பாத்த. நான் தூங்குதேன்னு நினைச்சியாக்கும். அந்தப் பிள்ளையும் அவுக அப்பாவும் 1963-ல கிடார் செய்ய உக்காந்தாக. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பு மேலே இருந்த மரம். பூச்சி அரிச்ச ஓட்டையைத் தீக்குச்சி வச்சு அடைச்சாக. பழைய மோட்டார் பைக்குல கழட்டின சுருள்வில்லு, அம்மா தையல் பெட்டியில எடுத்த முத்துச்சிப்பி பொத்தான்னு கையில கிடைச்சதெல்லாம் உள்ள போச்சு. சுண்டுறதுக்கு ஆறு பென்ஸ் காசு. குவீன் குழுவோட பாட்டுல பெரும்பாலும் அதுல வாசிச்சதுதான். 2002-ல பக்கிங்காம் அரண்மனைக் கூரையில நின்னு வாசிச்சதும் அதுலதான். நீ காசையும் பொத்தானையும் கேட்ட. செஞ்சு முடிக்க ரெண்டு வருசம் ஆச்சுங்கற இடம் வந்ததும் வீடியோவைத் தள்ளி விட்டுட்ட. நீ பாத்து லைக் போட்ட, நான் பாத்து ஞாபகம் வச்சேன். நிலைப்படியைத் தொடாதே.

திருவிழாவுல சிரட்டை வயலின் விக்காரே, அவரை நினைச்சுப் பாரு. ஒரு சிரட்டை, ஒரு மூங்கில் குச்சி, ஒரு வில்லு. சினிமாப் பாட்டு தேனா ஒழுகும். ஊருல எந்தப் பிள்ளையும் அதை வாங்காம வந்ததில்ல. வீட்டுக்கு வந்து இழுத்தா கதவுக் கீல் கிறீச்சிடும். ஏமாத்திட்டான்னு அப்பன்மாரு ஏசுவாக. அவரு ஒண்ணும் ஏமாத்தலலே. சிரட்டையை விலைக்குக் கொடுத்தாரு. பாட்டு விக்கற சரக்கு இல்ல, அதைக் கூடவே கொண்டு போயிட்டாரு.

பராகுவே நாட்டுல அசுன்சியோனுக்குப் பக்கத்துல கத்தேயுரான்னு ஒரு குப்பைக்கிடங்கு. குப்பை பொறுக்கிப் பிழைக்குத சனங்களோட பிள்ளைகளுக்குப் பாவியோ சாவேஸ்ங்கறவரு வாத்தியம் சொல்லிக் கொடுத்தாரு. அந்தப் பிள்ளைக குடியிருக்குத வீட்டைவிட ஒரு நல்ல பிடிலுக்கு விலை கூடுதல். அதே கிடங்குல வேலை பாத்த நிக்கோலாஸ் கோமஸ், பெயின்ட் டப்பாவுலயும் சாப்பாட்டு முள்கரண்டியிலயும் பிடில் செஞ்சாரு. எண்ணெய் பீப்பாயில செல்லோ செஞ்சாங்க. அந்தப் பிள்ளைக நாடு நாடாப் போய் வாசிச்சுட்டு வந்தாக. உலகம் டப்பாவைப் பாத்து வாயைப் பிளந்துச்சு. டப்பாவை வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைக மொசார்ட் வாசிக்க எம்புட்டு நாள் உக்காந்திருக்கும்னு யோசிச்சவன் கொஞ்சம். நீ வாயைப் பிளந்த கூட்டம்தான், எனக்குத் தெரியும்.

அதனால பேராண்டி, ஆறு நரம்பு வேண்டாம், வண்ணம் அடிக்க வேண்டாம், பேரும் வைக்க வேண்டாம். ஒரு சிரட்டை, ஊடால ஒரு கம்பு, ஒரே ஒரு தூண்டில் நரம்பு. சாயங்காலம் போனை ஆச்சிகிட்ட கொடுத்துட்டுத் திண்ணையில உக்காரு. ஸ, ப, மேல் ஸ மூணும் பிசகாம விழுந்த பொறவு ரெண்டாவது நரம்பைக் கட்டு. அதுவரைக்கும் போட்டோ போடாதே. மூணு சுரம் சுத்தமா வராதவன் கையில தங்கத்துல செஞ்ச வீணையைக் கொடுத்தாலும் அது டப்பாதான்.