தயிர்ப்பழ அண்ணாச்சி

தயிரையும் பழத்தையும் மிக்சியில் அடித்து, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் விடாமல் துரத்திக் குடிக்க வைப்பவர் தயிர்ப்பழ அண்ணாச்சி. தென்காசி மாவட்டம் முழுக்க இவர் உண்டு. வாசுதேவநல்லூரில் கொஞ்சம் கூடுதலாகவே விளைகிறார். மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பு, தெற்கே புளியங்குடி எலுமிச்சை, சாரல் காலத்தில் குற்றாலத்துக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும். திரும்பிய பக்கமெல்லாம் பழமாக இருந்தால் மனிதர் எத்தனை நாள்தான் சும்மா இருப்பார்?

பெரும்பாலும் பென்சன்காரர். சர்க்கரை எட்டிப் பார்ப்பதாக டாக்டர் சொன்ன மறுநாள் காலையில் இந்த அவதாரம் எடுப்பார். அதுவரை அடுப்படியில் தண்ணீர்ச் செம்பைத் தவிர எதையும் தொட்டதில்லை. ஸ்மூத்தியைச் சமையல் என்று அவர் ஒப்புக்கொள்வதும் இல்லை. அது ஆராய்ச்சி, ஆகவே கௌரவத்துக்குக் குறைவில்லை.

நான்கு பேருக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு மாம்பழம், இரண்டு டம்ளர் புளிக்காத தயிர். தயிரை 'யோகர்ட்' என்றுதான் சொல்லுவார். முந்தின இரவு அதற்கு உறை ஊற்றிய மனைவிக்கு, விடிவதற்குள் அது பெயர் மாற்றிக்கொண்ட விவரம் தெரியாது.

மாம்பழம் ஓய்ந்து அன்னாசி வரும்போதுதான் சறுக்கல். வேகாத அன்னாசியிலுள்ள புரோமலின் என்ற நொதி பாற்புரதத்தைச் சிதைக்கும். அடித்து வைத்த சிறிது நேரத்தில் கலவை கசந்துவிடும். பப்பாளியிலுள்ள பப்பாயினுக்கும் இதே குணம். பழத்தைக் கொதிக்கவிட்டு ஆற்றிச் சேர்த்தால் நொதி அடங்கிவிடும். ஆனால் அடுப்பைப் பற்றவைத்தால் அது சமையலாகிவிடுமே! அதனால் கசப்புக்குச் 'சத்து' என்று பெயர் வைத்துவிடுவார்.

விநியோகம் ஏழு மணிக்கு. மகன் பைக் சாவியைத் தேடத் தொடங்குவான். மருமகள், "குளிச்சிட்டு வந்து குடிக்கேன் மாமா" என்று போனால் ஒன்பது மணிவரை குளிப்பாள். எண்பது தாண்டிய ஆச்சி மட்டும் நேராகக் கேட்பாள்: "தயிர்ச்சோத்துக்கு வாழப்பழம் காலம்பூரா தொட்டுத் தின்னவதாம்ல நான். வாயில பல்லு கெடக்கையில மிக்சி என்னத்துக்கு?" மிஞ்சிய மூன்று டம்ளரும் அண்ணாச்சி வயிற்றுக்கே போகும், எந்தச் சர்க்கரைக்குப் பயந்து தொடங்கினாரோ அது சௌக்கியமாக ஏறும்.

ஜாரைக் கழுவுவது ஆராய்ச்சியில் சேராது. மதியம் வரை தொட்டியில் ஊறி, அவசரத்தில் அலசப்பட்டு, மறுநாள் அதே ஜாரில் தேங்காய்ச் சட்னி அரைபடும். சட்னியில் லேசாக வாழைப்பழம் மணக்கும். அன்றைக்குப் பேரன் இரண்டு இட்லி கூடக் கேட்பான்.