செங்கொடிக்கு எத்தனை நாற்காலி?

கே: 2024-ல் நம்ம திண்டுக்கல்லில் மார்க்சிஸ்ட் சச்சிதானந்தம் 4 லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். டெல்லியில் அவர் கட்சிக்கு மொத்தமே 4 பேர். என்ன செய்ய முடியும்? (கன்னிவாடி)

ப: கேள்வி கேட்கலாம், சட்டத் திருத்தம் கொடுக்கலாம், நிலைக்குழுவில் வாதாடலாம். பேசத்தான் நேரம் போதாது. மக்களவையில் கட்சியின் பலத்தைப் பார்த்தே நேரத்தைப் பங்கு போடுகிறார்கள். அந்த 4-ல் திண்டுக்கல்லும் மதுரையும் தி.மு.க. கூட்டணியில் வந்தவை.

கே: முதல் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரே கம்யூனிஸ்ட்தானாமே? (தருமத்துப்பட்டி)

ப: பாதி சரி. 1952-ல் 489 இடங்களில் 16 பிடித்து காங்கிரசுக்கு அடுத்து நின்றது கம்யூனிஸ்ட் கட்சி. தலைவர் ஏ.கே. கோபாலன். அவையில் பத்தில் ஒரு பங்கு இருந்தால்தான் அங்கீகாரம் என்றார் சபாநாயகர் மாவ்லங்கர். அந்தப் பட்டம் இல்லாமலே நேருவுக்கு எதிரே நின்று வாதாடினார் ஏ.கே.ஜி. 1957-ல் 27 பேர், மதுரையிலிருந்து கே.டி.கே. தங்கமணி, கோவையிலிருந்து பார்வதி கிருஷ்ணன் போனார்கள்.

கே: பிறகு ஏன் இரண்டாக உடைந்தார்கள்? (ஆத்தூர்)

ப: சீனப் போர், சோவியத்–சீனா சண்டை, காங்கிரசோடு சேர்வதா மோதுவதா என்ற தகராறு. 1964-ல் பிளவு. 1967-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 23, பிரிந்த மார்க்சிஸ்டுகளுக்கு 19. அன்றைய காரணங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. பிளவு மட்டும் இருக்கிறது.

கே: 2008-ல் மன்மோகன் அரசைக் கைவிட்டது சரியா? (சின்னாளபட்டி)

ப: தப்பு என்பேன். 2004-ல் இடதுசாரிகள் 59 பேர். அவர்கள் தயவில்தான் அரசு நின்றது. 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம், 2006-ல் வன உரிமைச் சட்டம், இரண்டுக்கும் அவர்கள் கொடுத்த நெருக்கடி பெரியது. கன்னிவாடி மலையடிவாரத்துக் குடும்பங்களுக்கு இரண்டும் வயிற்றோடு சம்பந்தப்பட்டவை. அத்தனை பலத்தையும் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்ப்பதற்காக விட்டார்கள். மேற்கு வங்கத்தில் சிங்கூர், நந்திகிராம் நிலமெடுப்பால் எழுந்த கோபமும் சேர, 2009-ல் மார்க்சிஸ்டுகள் 43-லிருந்து 16-க்கு இறங்கினார்கள்.

கே: வெளிநாட்டில் இடதுசாரிகள் ஒற்றுமையா? (ரெட்டியார்சத்திரம்)

ப: ஐரோப்பிய நாடாளுமன்றத்தைப் பாருங்கள். அங்கே உறுப்பினர்கள் நாடுவாரியாக இல்லை, கொள்கைவாரியாகக் குழு சேருகிறார்கள். கம்யூனிஸ்ட் குழு 1973-ல் பிறந்தது. ஐரோப்பா ஒன்றுபடுவதை இத்தாலியர்கள் வரவேற்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். 1989-ல் குழு இரண்டானது. ஆனால் அங்கே தனிக் குழுவுக்குக் குறைந்தபட்ச ஆள்பலம் வேண்டும். இன்றைய கணக்கில் 7 நாடுகளிலிருந்து 23 பேர். குழு இருந்தால்தான் பேச நேரம், பணம், முக்கியப் பொறுப்புகள். 1994-ல் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல், கிரேக்கத் தோழர்கள் மறுபடி ஒரே குழுவானார்கள். அடுத்த ஆண்டு சுவீடன், பின்லாந்துக் கட்சிகளும் வந்தன. அவரவர் கொள்கை அவரவருக்கு, அவையில் ஒரே அணி என்பது ஏற்பாடு. கிரேக்கக் கம்யூனிஸ்டுகள் 2014-ல் விலகியும் குழு நிற்கிறது. வெவ்வேறு மொழிக்காரர்களால் முடிந்தது, இங்கே முடியாதா? மார்க்சிஸ்ட் 4, இந்தியக் கம்யூனிஸ்ட் 2, பீகாரின் எம்.எல். கட்சி 2. ஒரே அணியானால் 8.

கே: நடக்கிற காரியமா? (கன்னிவாடி)

ப: இணைப்பை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி பல வருடமாகக் கேட்கிறது. தயக்கம் மார்க்சிஸ்ட் பக்கம். உங்கள் எம்.பி.யும் மார்க்சிஸ்ட். அடுத்த தடவை கன்னிவாடிக்கு வரும்போது ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்.