சுவரில் காது வைத்தவர்கள்

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் ஒண்டுக்குடித்தனம் இருந்த தமிழர்களில் என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தச் சத்தம் அவர்களுக்கும் நினைவிருக்கும். விடியற்காலையில் தண்ணீர் வருவதற்குச் சற்று முன், வெற்றுக் குழாய்க்குள் காற்று முதலில் சீறி, பிறகு இருமி, அப்புறம் கொஞ்சம் துருநீரைத் துப்பி, கடைசியில் ஒழுங்காகக் கொட்டத் தொடங்கும். வீடே அதில்தான் கண்விழித்தது. அடுக்களையில் டிகாக்‌ஷன் இறங்குமுன் அண்டாவும் பித்தளைக் குடமும் வரிசைக்கு வந்துவிடும். வெளியே கார்ப்பரேஷன் ஆள் தடித்த ஹோஸை மாட்டி, வடிகட்டாத கங்கை நீரைப் பீய்ச்சித் தெருவைக் கழுவிக்கொண்டிருப்பார். வண்டல் வாசனையோடு அந்த ஈரம் வெயில் ஏறும்வரை நடைபாதையில் கிடக்கும்.

இப்போது மொட்டைமாடித் தொட்டியும் மோட்டாரும் வந்து எந்நேரமும் தண்ணீர். வயதானவர்கள் விடியுமுன் எழுந்து குடம் தூக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு உண்மையான நிம்மதி. ஆனால் எப்போதும் நிறைந்தே இருக்கும் குழாய் சத்தம் போடாது. அந்தச் சத்தத்தோடு, சுவருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரு துப்பும் போய்விட்டது. அந்நாளில் காலையும் மாலையும் தண்ணீர் வரும் வேளையில் மட்டும் சுவர் கறுத்தால், கோளாறு தெருவிலிருந்து நேரே வரும் குழாயில். தொட்டி வைத்திருந்த வீடுகளில் நாள் முழுக்க ஓதம் காயாமல் இருந்தால் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில். யாராவது குளித்த பிறகு ஈரம் கண்டால் கழிவுக் குழாயில். இந்தப் பாடம் என் அம்மாவுக்குக்கூட அத்துப்படி.

பள்ளியில் எங்களுக்கு டாலா தொட்டியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லித் தருவார்கள். பல்தாவில் சுத்தமாக்கிய ஹூக்ளி நீர் ஏறி நிற்கும் அந்த எஃகுத் தொட்டி 1911இல் பயன்பாட்டுக்கு வந்தது. உயரம் 110 அடி, கொள்ளளவு 90 லட்சம் காலன். அதைவிட எனக்குப் பிடித்த செய்தி, அதை நான்கு அறைகளாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பதுதான். ஓர் அறையைக் காலிசெய்து பழுது பார்க்கும்போது மற்றவை ஊருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும். என்றாவது ஒழுகும் என்று கட்டும்போதே நினைத்த மனிதர்கள் அவர்கள். எங்கள் வீடுகளைக் கட்டியவர்களுக்கு அந்த நினைப்பு இருந்ததில்லை. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சேர்ந்த பருத்த சுவருக்குள் ஜி.ஐ. குழாயைப் புதைத்துப் பூசிவிட்டு, எது எங்கே திரும்புகிறது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வைக்காமல் போய்விட்டார்கள்.

அந்தக் காகிதத்தைத் தலைக்குள் வைத்திருந்தவர் எங்கள் ஒடியா மிஸ்திரி. கொல்கத்தாவின் குழாய்வேலை ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்துக்காரர்கள் கையில் பல தலைமுறைகளாக இருந்து வந்தது. இங்கே தொழில் பழகியவர்களின் பிள்ளைகள் இந்தியா முழுக்கவும் வளைகுடா வரைக்கும் போனார்கள். அந்த மாவட்டத்தின் பட்டாமுண்டையில் குழாய்வேலைக்கென்றே அரசுப் பயிற்சி நிலையமும் வந்துவிட்டது. எங்கள் மிஸ்திரி வந்ததும் பையைத் திறக்க மாட்டார். “எப்போதிருந்து மாசிமா? எந்த நேரத்தில்?” என்று அம்மாவிடம் விசாரிப்பார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்புத் தரையில் மெல்ல நடப்பார். புறங்கையைச் சுவரில் ஒட்டினாற்போல் இழுத்துக்கொண்டே போவார். பிறகு ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைச் சுவரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பள்ளிக்கு நேரமாவதையும் மறந்து, மூச்சுவிட்டால் கலைந்துவிடுமோ என்று நாங்கள் நிற்போம். கடைசியில் கரிக்கட்டியால் ஒரு வட்டம். உளி அங்கே மட்டும்தான் இறங்கும்.

அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு அவகாசம் இல்லை. கட்டர் மெஷின் வந்தது, சி.பி.வி.சி. குழாய் வந்தது, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்ற வார்த்தையும் வந்தது. எங்கள் பேட்டை முழுக்க எத்தனையோ வீடுகளில் கசிவைத் தேடி அந்தச் சிவப்பு ஆக்சைடு தரையைப் பிளந்தார்கள். பல நாள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய தரை அது. அதே நிறத்தில் ஒட்டுப்போடத் தெரிந்த கை இன்று அகப்படுவது அரிது. குழாயைக் கடையில் வாங்கலாம், அந்தத் தரையை எங்கே போய் வாங்குவது?

அதனால்தான் சென்ற குளிர்காலத்தில் ஓர் இளைஞர் தெர்மல் கேமராவோடு வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது சுவரைத் துளைத்துப் பார்க்கும் கருவியல்ல. சுவரின் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கி, எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்று வண்ணத்தில் காட்டும், அவ்வளவே. ஈரம் ஆவியாகும்போது சுவரின் சூட்டை எடுத்துக்கொள்வதால் கசியும் இடம் நீலமாகத் தெரியும். கீசரைப் போட்டு வெந்நீரைக் குழாயில் ஓடவிட்டால், அதன் பாதை சுவரில் வெளிச்சக் கோடாக மெல்ல எழும். வெந்நீர்க் குழாயில் கசிவிருந்தால் அந்தக் கோடு ஓரிடத்தில் கலங்கிப் படரும். எங்கள் மிஸ்திரியின் புறங்கையும் வெறுங்காலும் தேடியது ஈரத்தின் இதே குளிர்ச்சியைத்தான்.

இந்த ஊரில் கேமராவுக்கும் பருவம் பார்க்க வேண்டும். ஆடி ஆவணி மழையில் காற்றே நனைந்து கிடக்கும்போது சுவரீரம் எளிதில் ஆவியாகாது, குளிர்ச்சியின் வித்தியாசமும் மங்கிவிடும்; வறண்ட டிசம்பர், ஜனவரியில் படம் தெளிவு. பளபளப்பான டைல்ஸில் எதிரே நிற்பவரின் உடல் சூடே பிரதிபலித்து ஏமாற்றும். சாதாரண நிழலும் ஜன்னல் காற்றும்கூட நீலமாகத் தெரியலாம். இதெல்லாம் தெரிந்த பிள்ளை அவர். நீலம் கண்ட இடத்தில் ஈரமானியை வைத்துச் சோதித்தார், குழாய்களின் வாயை அடைத்து அழுத்தம் ஏற்றி அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று காத்திருந்தார், அதன் பிறகே உளியை எடுத்தார். இந்தக் காத்திருப்பை நான் சிறுவயதுக்குப் பின் எந்தக் குழாய்வேலைக்காரரிடமும் பார்க்கவில்லை. கருவியை வாங்கிக்கொண்டு காத்திருப்பை விட்டுவிடுகிறவர்கள், நீலத்தைக் கண்டதும் கட்டரைத் தூக்கி விடுகிறார்கள். அவர்களுக்கு நான் கதவு திறக்க மாட்டேன்.

ஒரு எல்போவும் ஒரு முழக் குழாயும் மாற்றியதோடு வேலை முடிந்தது, தரைக்கு ஒரு கீறலும் இல்லை. மிச்சக் குழாய் பழையதுதான், அது எத்தனை வருஷம் தாங்கும் என்று கேமரா சொல்லாது. வெந்நீர்ப் பாதையை மட்டுமாவது அளந்து வரையச் சொன்னேன். அந்தத் தாள் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது. மாடிக் குளியலறைக்கு வரும் ஜனவரியில் அவரையே கூப்பிட்டிருக்கிறோம்.